வில் வேட்டையில் எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம்: உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

வில் வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் வரை எய்யலாம்?" என்பதுதான். ஒருவர் 20 என்பார், இன்னொருவர் 40 என்பார், 60 என்று சொல்பவரும் உண்டு. அவரவர் தங்கள் எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் அவருடைய கை, அவருடைய வில், அவர் தேடிப்போகும் விலங்கு மூன்றையும் சேர்த்து வந்தது. அதை அப்படியே வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போனால், விலை கொடுப்பது விலங்குதான்.

நான் இங்கே சொல்லப்போகும் முறைக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று உச்ச வரம்பு. சீசன் தொடங்குவதற்கு முன், பயிற்சித் திடலில், அமைதியான மனதோடு அதை முடிவு செய்துவிட வேண்டும். மற்றொன்று அன்றைய தூரம். விலங்கு, வெளிச்சம், காற்று, அது நிற்கும் நிலை ஆகியவற்றைப் பார்த்து அந்த இடத்தில் அதை முடிவு செய்கிறோம். அன்றைய தூரம் உச்ச வரம்பிலிருந்து குறையலாம், ஒருநாளும் அதைத் தாண்டக் கூடாது. காட்டில் போடுவது முழுக்கக் கழித்தல் கணக்கு.

தொடங்குமுன் இரண்டு விஷயம். வில்லால் வேட்டையாடுவது சில நாடுகளில் உரிமத்தோடு அனுமதிக்கப்பட்டது, சில நாடுகளில் முற்றிலும் தடை. இங்கே சொல்வதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் இடத்துக்கும் பருவத்துக்கும் மட்டுமே. அப்புறம், அளவுகளை மீட்டரில் தருகிறேன். உங்கள் சைட்டும் (வில்லில் பொருத்தும் குறிபார்க்கும் கருவி) ரேஞ்ச்ஃபைண்டரும் (தூரம் அளக்கும் கருவி) கெஜத்தில் இருந்தால் 10 கெஜம் என்பது 9.14 மீட்டர். எந்த அலகாக இருந்தாலும் சரி, சைட்டில் குறித்திருப்பதும் கருவி காட்டுவதும் ஒரே அலகில் இருக்கட்டும். 50 கெஜத்தை 50 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் நாலேகால் மீட்டருக்கு மேல் பிசகிவிடும். அது எவ்வளவு பெரிய பிசகு என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: அம்பு எப்படிக் கொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

துப்பாக்கிக் குண்டு வேகத்தால் திசுவைச் சிதைக்கிறது. அம்புக்கு அந்த வேகம் இல்லை. பிராட்ஹெட் எனப்படும் கூரிய தகடுகள் பொருந்திய முனை, இரத்தக் குழாய்களை அறுத்துக்கொண்டு உள்ளே போகிறது. இரத்தம் வேகமாக வெளியேறுவதால் மூளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் நின்று விலங்கு விழுகிறது. இரண்டு நுரையீரல்களையும் அம்பு ஊடுருவினால், பெரும்பாலும் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அதுவே ஒரு கை அகலம் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால், சாவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரம் முழுவதும் வேதனை. கண்டுபிடிக்க முடியாமலே போவதும் உண்டு.

அதனால் "விலங்கின் மேல் பட்டால் போதும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. நமக்கு வேண்டியது நுரையீரலும் இதயமும் இருக்கும் நெஞ்சுக்கூடு மட்டும். இதை உயிர்நிலை என்று அழைப்போம். நீங்கள் எந்தத் தூரத்திலிருந்து உயிர்நிலைக்குள் அம்பைத் தவறாமல் செலுத்த முடியும் என்பதுதான் கேள்வி.

படி 2: உங்கள் விலங்கின் உயிர்நிலையை அளவோடு தெரிந்துகொள்ளுங்கள்

வட அமெரிக்காவின் வெண்வால் மானுக்கு, பக்கவாட்டில் நிற்கும்போது, உயிர்நிலை ஏறக்குறைய 20 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம். எல்க் போன்ற பெரிய மானுக்கு அதைவிடக் கணிசமாகப் பெரியது. காட்டு வான்கோழிக்கு மூடிய கைமுட்டி அளவுதான். காட்டுப்பன்றியின் உறுப்புகள் மானைவிடத் தாழ்வாகவும் முன்னால் தள்ளியும் இருக்கின்றன. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பகுதியில் கேடயம் போலத் தடித்த தோலும் உண்டு. மானுக்குக் குறிவைத்துப் பழகிய கை பன்றிக்கும் அதே இடத்தில் வைத்தால் அம்பு பின்னால் தள்ளிப் போய்விடும்.

விலங்கு மாறினால் உச்ச வரம்பும் மாறும் என்பது இதனால்தான். எல்க்குக்கு 40 மீட்டர் வரை எய்யத் தகுதி பெற்ற அதே ஆளுக்கு வான்கோழிக்கு 18 மீட்டரே அதிகமாக இருக்கலாம். தேடிப்போகும் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் அம்பை வைத்து உங்கள் உச்ச வரம்பைக் கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

திடலில் 30 அம்பு எய்து, அதில் சிறந்த குழுவை, அதாவது நெருக்கமாகப் பட்ட அம்புகளை, படம் எடுத்து, "எனக்கு 50 மீட்டர் வரும்" என்று சொல்லிக்கொள்வது எளிது. காட்டில் அந்த 30 அம்பு கிடைக்காது. உடம்பு சூடாகவில்லை, விரல் விறைத்திருக்கிறது, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அப்போது ஒரே ஒரு அம்பு. அதனால் சோதனையும் அந்த ஒரே அம்பை வைத்துத்தான் நடக்க வேண்டும்.

செய்முறை இது. உங்கள் விலங்கின் உயிர்நிலையைவிடச் சிறிய வட்டம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். மானுக்கு 15 சென்டிமீட்டர் போதும். உயிர்நிலை 20 இருக்கும்போது எதற்கு 15 என்றால், திடலில் இலக்கு அசையாது, இதயம் படபடக்காது. அந்த வசதிகளுக்கெல்லாம் இங்கேயே ஒரு கழிவு போட்டுவிடுகிறோம். பிறகு நாளுக்கு ஒரு அம்பு. முன்பயிற்சி எதுவும் கிடையாது. வில்லை எடுத்து, இழுத்து, எய்து, பட்டதா இல்லையா என்று தேதியோடு எழுதி வையுங்கள். அன்றைக்கு அப்புறம் எத்தனை அம்பு எய்தாலும் கணக்கில் வருவது அந்த முதல் அம்பு மட்டும். 20 மீட்டரில் தொடங்கி, ஒரு தூரத்தில் தொடர்ந்து நன்றாகப் போனால் 5 மீட்டர் தள்ளிப் போங்கள்.

வேட்டைக்குக் கொண்டுபோகப்போகும் பிராட்ஹெட்டாலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே எடையாக இருந்தாலும் பறப்பு ஒரே மாதிரி இருக்காது. பிராட்ஹெட்டின் தகடுகளைக் காற்று பிடித்துத் திருப்பும். வில்லின் ட்யூனிங்கில் (அம்பு நேராகப் பறக்க வில்லைச் சீர்செய்வதில்) உள்ள சிறு கோளாறுகூட 20 மீட்டரில் தெரியாமல் இருந்து 40 மீட்டரில் பெரிதாகிவிடும்.

எத்தனை நாள் தொடர்ந்து பட்டால் நம்பலாம்? பலரும் 10-க்கு 10 வந்ததும் போதும் என்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உண்மையில் நாலில் ஒரு அம்பைத் தவறவிடும் ஆளுக்கும்கூட, ஏறக்குறைய 18 தடவைக்கு ஒரு தடவை வரிசையாகப் பத்தும் பட்டுவிடும். 20-க்கு 20 வந்தால்கூட, ஏழில் ஒன்று தவறும் ஆளாக நீங்கள் இருக்கக்கூடிய வாய்ப்பு முழுதாக மறைந்துவிடாது. 30-க்கு 30 வந்தால்தான் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே தவறுகிறீர்கள் என்று ஓரளவு உறுதியோடு சொல்லலாம். அதனால் ஒரு தூரத்தில் குறைந்தது ஒரு மாதம் முதல் அம்பு தவறாமல் பட்டபின், அதிலிருந்து ஒரு படி உள்ளே வந்து, அதை உச்ச வரம்பாக வையுங்கள். 40 மீட்டரில் தேறினால் வரம்பு 35 என்று எழுதுங்கள். இது கறார்தான். எதிரே நிற்பது உயிர் என்பதால் அந்தக் கறார் தேவை.

பத்தில் ஒன்பது பட்டால் அந்தத் தூரம் தேறவில்லை. அந்தப் பத்தாவது அம்பு காட்டில் எங்கே போய்ப் படும் என்று யோசித்துப் பாருங்கள்.

1969-ல் அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். முழு இழுப்பில் கையில் தங்கும் பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடும் அந்த வில் வந்தபின், சாதாரண மனிதரும் 40, 50 மீட்டரில் இறுக்கமான குழு போட முடிகிறது. ஆனால் மானின் காது மாறவில்லை, அதன் உயிர்நிலையும் பெரிதாகவில்லை. ரீகர்வ், லாங்போ போன்ற பழைய பாணி வில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 20 மீட்டருக்குள்ளேயே நின்றுகொள்கிறார்கள். அவர்களிடமிருந்து காம்பவுண்ட் வில்காரர்கள் கற்க வேண்டிய பொறுமை நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

படி 4: வேட்டை நிலையிலேயே மறுபடி சோதியுங்கள்

திடலில் நின்றபடி, அரைக்கைச் சட்டையோடு கிடைத்த எண்ணை இன்னொரு முறை வடிகட்ட வேண்டும். வேட்டைக்குப் போடும் தடித்த உடுப்பு, கையுறை, முகமூடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு எய்யுங்கள். குளிருடுப்பின் கை நாணில் உரசினால் அம்பு எங்கேயோ போகும். முழங்காலிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பை முறுக்கி எய்து பாருங்கள். பரணிலிருந்து வேட்டையாடுவதென்றால், பாதுகாப்புக் கச்சையை மாட்டிக்கொண்டு பரணிலிருந்தே பயிற்சி செய்யுங்கள்.

முழு இழுப்பில் ஒரு நிமிடம் நின்று, அதன் பிறகு எய்வதும் அவசியம். மான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிடும், நீங்கள் ஏற்கெனவே நாணை இழுத்திருப்பீர்கள், கை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தோடு உங்கள் வட்டம் எவ்வளவு தூரம் தாங்குகிறது? அதேபோல், சூரியன் மறைந்தபின் உள்ள மங்கலில் பீப் சைட்டின் (நாணில் பொருத்திய குறிபார்க்கும் வளையம்) சின்னத் துளை வழியே இலக்கு தெரிகிறதா என்று பாருங்கள். விலங்கு வெறுங்கண்ணுக்குத் தெரியும், துளை வழியே தெரியாது. சட்டப்படி இன்னும் நேரம் இருந்தாலும் உங்களுக்கு அங்கே நேரம் முடிந்துவிட்டது.

பதற்றத்தைத் திடலில் முழுமையாக வரவழைக்க முடியாது. கொஞ்ச தூரம் ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே எய்வது ஓரளவு உதவும். முதல் சில வேட்டைகளுக்கு உச்ச வரம்பில் பாதியைத்தான் பயன்படுத்துவேன் என்று வைத்துக்கொள்வது நல்லது. விலங்கின் முன்னால் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை விலங்கின் முன்னால் நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும்.

படி 5: அம்பு பறக்கும் நேரத்தையும் நாண் எழுப்பும் ஓசையையும் கணக்கில் எடுங்கள்

கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூரத்துக்கு ஒரு தடை உண்டு. அம்பைவிட ஓசை வேகமானது. காற்றில் ஓசையின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 82 மீட்டர். வில் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ஓசையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதே பெரிய விஷயம். ஆகவே நாண் விடுபட்ட சத்தம் எப்போதுமே முதலில் போய்ச் சேரும்.

சத்தம் கேட்டதும் மான் ஓடப் பார்க்கும். ஓட வேண்டுமென்றால் முதலில் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தியாக வேண்டும். நெஞ்சுக்கு வைத்த அம்பு முதுகுக்கு மேலே போவதும், முதுகெலும்பை ஒட்டிக் காயப்படுத்திவிட்டுப் போவதும் இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டரில் அம்பு போய்ச் சேர 0.24 நொடி, ஓசைக்கு 0.06 நொடி. மானுக்குக் கிடைக்கும் அவகாசம் 0.18 நொடி. 30 மீட்டரில் அந்த அவகாசம் 0.28. 40 மீட்டரில் 0.37. ஓசை காதில் விழுந்து உடம்பு அசையத் தொடங்க 0.15 நொடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பிறகு உடம்பு புவியீர்ப்பின் வேகத்தில் தாழ்கிறது என்றால், அம்பு வருவதற்குள் 20 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. 30 மீட்டரில் 8 சென்டிமீட்டர் இறங்கும். 40 மீட்டரில் 24 சென்டிமீட்டர், அதாவது உயிர்நிலை முழுவதும் அம்பின் பாதையை விட்டு விலகிவிடும். தூரம் இரட்டிப்பானதற்கு ஆபத்து இருபது மடங்குக்கு மேல் போய்விட்டது.

எல்லா மானும் இப்படித் தாழ்வதில்லை. மேய்ச்சலில் மூழ்கியிருக்கும் மானும், மழைக்காற்றின் இரைச்சலில் நிற்கும் மானும் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். தலையைத் தூக்கி, காதை உங்கள் பக்கம் திருப்பி, முன்னங்காலால் தரையைத் தட்டும் மான் ஏற்கெனவே பாதி ஓடிவிட்டது. அப்படி விழித்துக்கொண்ட விலங்குக்கு, உங்கள் வரம்பு எதுவாக இருந்தாலும், 20 மீட்டருக்கு மேல் எய்யாதீர்கள். தாழும் என்று எதிர்பார்த்துக் குறியைக் கீழே வைக்கும் வித்தையைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மான் தாழாவிட்டால் அம்பு நெஞ்சுக்குக் கீழே போகும், அல்லது காலில் பட்டு எலும்பை முறிக்கும். ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தை அடுக்குவதைவிட எய்யாமல் இருப்பது மேல்.

நடக்கும் விலங்குக்கும் இதே தர்க்கம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்ல நடந்தாலும், 40 மீட்டரில் அம்பு சேர்வதற்குள் அது அரை மீட்டர் முன்னேறியிருக்கும். நெஞ்சுக்கு வைத்தது வயிற்றில் படும். வாயால் சிறு ஒலி எழுப்பி நிறுத்தலாம்தான், ஆனால் நின்ற மான் உங்களைத் தேடும் மான். நிறுத்தி எய்வதைக் கிட்டத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: தூரத்தை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உச்ச வரம்பு 35 என்று தெரிந்திருக்கிறது, எதிரே நிற்பது 35-ஆ 40-ஆ என்று தெரியவில்லை என்றால் என்ன பயன்? அம்பின் பாதை வளைந்தது. அதனால் தூரம் கூடக்கூட அளவுப் பிழைக்கான தண்டனையும் கூடுகிறது. நொடிக்கு 82 மீட்டர் வேகமுள்ள அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் என்று நினைத்து எய்த விலங்கு 24-இல் நின்றால் அம்பு சுமார் 7 சென்டிமீட்டர் தாழ்வாகப் படும். சமாளித்துவிடலாம். 40 என்று நினைத்தது 44-இல் நின்றால் சுமார் 13 சென்டிமீட்டர். வட்டத்தின் நடுவிலிருந்து இவ்வளவு விலகினால் உயிர்நிலை கைவிட்டுப் போய்விட்டது. நொடிக்கு 52 மீட்டர் வேகமுள்ள ரீகர்வ் வில்லுக்கு 20 மீட்டரிலேயே அதே 4 மீட்டர் பிழை 17 சென்டிமீட்டர் தாழ்த்திவிடும். ரீகர்வ்காரர்கள் கிட்டப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் வேலை எளிது, ஆனால் அதைப் பயன்படுத்தும் நேரம் முக்கியம். விலங்கு வந்தபின் கருவியைத் தூக்கினால் அசைவு தெரிந்துவிடும். மறைவிடத்தில் உட்கார்ந்ததும் சுற்றியுள்ள மரம், பாறை, புதர், பாதை வளைவு என்று நாலைந்து அடையாளங்களை அளந்து மனதில் பதிய வையுங்கள். உச்ச வரம்பு விழும் இடத்தில் இயற்கையாக ஒரு அடையாளம் இருந்தால் அதைக் கோடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விலங்கு அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றால் வில்லைத் தூக்கத் தேவையே இல்லை. விலங்கையே அளக்கும்போது லேசர் முன்னால் இருக்கும் புல்லிலோ கிளையிலோ பட்டுக் குறைந்த எண்ணைக் காட்டலாம். இரண்டு முறை அளந்து, பக்கத்து மரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

கருவி இருந்தாலும் கண்ணைப் பழக்குங்கள். தெருவில் நடக்கும்போது ஒரு கம்பத்தைப் பார்த்து முதலில் ஊகம் சொல்லுங்கள், பிறகு அளந்து பாருங்கள். தினமும் பத்து முறை செய்தால் சில வாரங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். கண் ஏமாறும் இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விலங்கு உள்ளதைவிடக் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும், சிறியது தள்ளித் தோன்றும். பள்ளத்துக்கு அப்புறம் நிற்பது, திறந்த வெளியில் நிற்பது, மங்கலில் நிற்பது மூன்றும் ஊகத்தைக் கெடுக்கும். அளக்காமல் ஊகித்த தூரமென்றால் உங்கள் வரம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

அளந்தபின் விலங்கு நாலடி நகர்ந்தால் அந்த எண் செல்லாது. மறுபடி அளக்க முடியாவிட்டால், கிட்டத்தில் இருந்தாலொழிய எய்ய வேண்டாம்.

படி 7: சரிவும் பரணும்

மேலேயோ கீழேயோ எய்யும்போது அம்பைத் தாழ்த்துவது கிடைமட்டத் தூரம்தான். 30 பாகைச் சரிவில் கருவி 40 மீட்டர் காட்டினால், நீங்கள் எய்ய வேண்டியது 34.6 மீட்டருக்கு. 45 பாகையென்றால் 28 மீட்டருக்கு. மேல்நோக்கியானாலும் கீழ்நோக்கியானாலும் இதே கணக்கு. கோணத்தைத் தானே கழித்துத் தரும் ரேஞ்ச்ஃபைண்டர்கள் கிடைக்கின்றன, மலையில் வேட்டையாடுபவர் அதையே வாங்கட்டும்.

பரணில் இந்தக் கழிவு பெரிதாக வராது. 6 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்குக் கிடைமட்டத் தூரம் சுமார் 19 மீட்டர்தான். பரணில் கவலைப்பட வேண்டியது வேறு. விலங்கு நேர் கீழே வந்துவிட்டால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் தொடும். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும். அதனால் பரணுக்கு உச்ச வரம்பு மட்டும் போதாது, கீழ் வரம்பும் வேண்டும். விலங்கு சில மீட்டராவது விலகும்வரை காத்திருங்கள்.

படி 8: நிற்கும் நிலையைப் பாருங்கள்

தூரம் சரியாக இருந்தும் எய்யக் கூடாத நிலைகள் உண்டு. விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்மடிப்பை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. சற்றே உங்களிடமிருந்து விலகித் திரும்பி நிற்பதும் நல்ல நிலை. அப்போது அம்பு வெளியேற வேண்டிய இடத்தை, அதாவது எதிர்ப்பக்க முன்னங்காலை, மனதில் வைத்துக் குறிபாருங்கள். விலகும் கோணம் கூடும்போது அம்புக்குத் திறந்திருக்கும் வாசல் சுருங்குகிறது. கூடவே உங்கள் வரம்பும் சுருங்க வேண்டும்.

உங்களை நோக்கித் திரும்பி நிற்கும் விலங்குக்குத் தோள்பட்டை எலும்பு குறுக்கே வரும். நேர் முன்பக்கம், நேர் பின்பக்கம், படுத்திருக்கும் விலங்கு ஆகியவற்றுக்கு அம்பு வேண்டாம், 10 மீட்டரில் நின்றாலும் வேண்டாம். பின்னால் இன்னொரு விலங்கு ஒட்டி நின்றாலும் அதேதான். அம்பு ஊடுருவிப் போய் அதையும் காயப்படுத்தும்.

படி 9: இடையில் என்ன இருக்கிறது

உங்கள் கண்ணிலிருந்து விலங்குக்குப் போகும் கோடு நேரானது. அம்பின் பாதை வில்போல் வளைந்தது. 40 மீட்டருக்கு எய்த அம்பு பாதி வழியில் உங்கள் பார்வைக் கோட்டைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் போகும். விலங்கு தெளிவாகத் தெரியும், ஆனால் அம்பு மேலே தொங்கும் கிளையில் பட்டுத் தெறிக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்றாகப் பல பின்கள் (குறிபார்க்கும் ஊசிகள்) உள்ள சைட்டில் 40 மீட்டர் பின்னை விலங்கின்மேல் வைத்துக்கொண்டு, 20 மீட்டர் பின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 20 மீட்டர் தொலைவில் உள்ள கிளை ஒன்று அந்தப் பின்னுக்கு நேராக வந்தால், அம்பு அந்தக் கிளையில் படும்.

பக்கவாட்டுக் காற்று அம்பைத் தள்ளும், உங்கள் கையையும் ஆட்டும். நான் இதற்குச் சூத்திரம் எதுவும் தரப்போவதில்லை. காற்றடிக்கும் நாட்களிலும் திடலுக்குப் போங்கள், உங்கள் முதல் அம்பு எங்கே போகிறதென்று அதே நோட்டில் தனியாக எழுதுங்கள். காற்று நாளுக்கான வரம்பு அதிலிருந்தே வரும்.

படி 10: அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை

விலங்கு முன்னால் வந்தபின் யோசிக்க அவகாசம் குறைவு. அதனால் கேள்விகளின் வரிசையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடுங்கள். கோட்டுக்குள் நிற்கிறதா? அமைதியாக, இல்லையென்றால் 20 மீட்டருக்குள், இருக்கிறதா? நிலை சரியா? இடையில் வெளி இருக்கிறதா? என் சைட்டின் பின் குறியில் அசையாமல் நிற்கிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் நாணை மெல்ல இறக்கிவிடுங்கள். முழு இழுப்பிலிருந்து சத்தமில்லாமல் இறக்குவதையும் திடலில் பழகியிருக்க வேண்டும். பழகாதவர்கள், இழுத்துவிட்டோமே என்ற காரணத்துக்காகவே எய்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. மாலை மங்கும்போதும் சீசனின் கடைசி நாளிலும் "இன்னும் ஐந்து மீட்டர்தானே" என்று மனம் பேரம் பேசும். இதற்காகவே உச்ச வரம்பைக் காகிதத்தில் எழுதி வில்லிலேயே ஒட்டிவையுங்கள். கூட வருபவரிடமும் அந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.

படி 11: எய்த பிறகு

அம்பு எங்கே பட்டது என்று பார்க்க முடிவதும் தூரத்தைச் சார்ந்ததுதான். அம்பின் பின்முனையில் ஒளிரும் நாக் (நாணில் மாட்டும் சிறு பிடிப்பு) பொருத்தினால் மங்கலில் உதவும். விலங்கு நின்ற இடம், ஓடிய திசை, கடைசியாகக் கண்ணில் பட்ட மரம் மூன்றையும் மனதில் குறித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். அம்பை எடுத்துப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும், அரை மணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பு கல்லீரலாக இருக்கலாம், நாலைந்து மணி நேரமாவது விடுங்கள். பச்சையோ பழுப்போ நாற்றமோ இருந்தால் வயிறு. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து, முடிந்தால் பயிற்சி பெற்ற நாயோடு தேடுங்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் விலங்கு எழுந்து இன்னும் தொலைவு போகும்.

கிடைத்த விலங்கைத் திறக்கும்போது அம்பு போன பாதையைப் பாருங்கள். நினைத்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியது, எந்தப் பக்கம், எத்தனை மீட்டரிலிருந்து என்று முதல் அம்பு நோட்டிலேயே எழுதுங்கள். காட்டில் எய்த அம்புகள் திடலில் எய்தவற்றைவிட அகலமாகச் சிதறுகின்றன என்று நோட்டு காட்டினால், அந்த விகிதத்தில் வரம்பைக் குறையுங்கள். வில்லின் நாண், அம்பின் எடை, பிராட்ஹெட் இவற்றில் எதை மாற்றினாலும், தோளில் காயம்பட்டுச் சில மாதம் எய்யாமல் இருந்தாலும், பழைய எண் காலாவதியாகிவிடும். மறுபடி 20 மீட்டரில், நாளுக்கு ஒரு அம்பு என்று தொடங்குங்கள்.